கண்டுபிடிக்குமளவும்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

"ஆச்சி இரட்சிக்கப்படாமலே போய்விட்டாளா அம்மா?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மழுப்பிவிட்டேன். துக்கம் விசாரிக்க வந்த சபைக்காரர் ஒருவர் சொன்னது உன் காதுவரை வந்திருக்கிறது. அவருக்கு அன்று காபி ஆற்றிக் கொடுத்தேன். கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

உன் ஆச்சி கடைசி நாள்வரை நெற்றி நிறையத் திருநீறு பூசியவள். கல்யாணத்துக்காக நான் ஞானஸ்நானம் எடுத்தபோது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாதவளும் அவள்தான். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுற்ற முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவாள்.

நான்காம் நூற்றாண்டில், நிசாவின் கிரகோரி என்ற பேராயர், அண்ணன் பசிலியார் இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனார். அவளும் சாகக் கிடந்தாள். அந்தப் பேச்சை அவர் எழுதிவைத்திருக்கிறார். மண் அப்பிக் காய்ந்த கயிற்றைச் சிறு துளை வழியே இழுத்தால் என்ன ஆகும் என்கிறாள் மக்ரீனா. மண் உரிந்து விழும். வலி அதனால் வருவது. கடவுள் தம்மிடம் இழுப்பது கயிற்றை, அதாவது ஆன்மாவை; மண் அதில் ஒட்டிய தீமை. முடிவில் தீமை எங்குமே மிஞ்சாது என்பது அக்கா, தம்பி இருவரின் நம்பிக்கை. படித்தபோது ஆச்சி வீட்டுக் கிணற்றுக் கயிறுதான் கண்ணில் நின்றது.

அவர்களுக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் ஓரிகன் என்ற இறையியலாளர், முடிவில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று எண்ணியவர். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரைச் சபிக்கப்பட்டோர் வரிசையில் சேர்த்தது; செத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகு! அவர்மேல் வேறு புகார்களும் உண்டுதான். கிரகோரியோ இன்றும் புனிதர்.

அதற்காக, எதிர்த்தரப்பு லேசானது என்று நினைத்துவிடாதே. மத்தேயு 25:46இல் "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்" இரண்டுக்கும் ஒரே சொல். ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டு என்றாகிவிடாதா என்று மடக்குகிறார் ஆதித் திருச்சபைப் பிதா அகஸ்டின். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'வரும் யுகத்துக்குரியது' என்றே பொருள் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் முழுதாகச் செரிக்கவில்லை. எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அடித்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை, ஆனால் எல்லாருக்காகவும் நம்பிக்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும் என்றார் சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க இறையியலாளர் பல்தசார். நான் நிற்பது அந்த இடத்தில்தான்.

லூக்கா 15:4ஐ எடுத்துப் பார். காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் "கண்டுபிடிக்குமளவும்" தேடுகிறான். இருட்டும்வரை என்றோ, ஆடு சாகும்வரை என்றோ அங்கே இல்லை. ஆச்சியைக் காணாமற்போன ஆடு என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது; அது வேறு விஷயம்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை. நான் தினமும் இரவு ஆச்சி பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சபைப் போதகர் ஐயரவர்களிடம் சொல்லிவிடாதே.

அன்புள்ள
அம்மா