செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் இயற்கை மன்றத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களும் கண்மாய்ப் பறவைக் கணக்கெடுப்பும் வழக்கம்போல் நடந்தன. ஜூலைக் கூட்டம் மட்டும் மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போனது.

அதிகம் பேசப்பட்டது அந்துப்பூச்சி இரவுதான். உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்பில் வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி, முன்னால் மெர்க்குரி பல்பு போட்டோம். சாப்பாட்டு நேரத்துக்குள் வேட்டி முழுக்கப் பூச்சி. அரிசி நீளம்கூட இல்லாத ஒரு சாம்பல் பூச்சியைக் காட்டி ஒன்பதாம் வகுப்பு மாணவி, “இது புதுசா சார்?” என்று கேட்டார். படத்தைப் பூச்சியியல் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினோம். படத்தை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை, இத்தனை சிறிய பூச்சிக்குப் பிறப்புறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிடிபடும் என்று பதில் வந்தது.

உலகில் பெயர் வைத்த விலங்கினங்கள் எத்தனை, வைக்காதவை எத்தனை என்று அந்தக் கேள்வியையே அடுத்த கூட்டத்தின் பொருளாக்கினோம். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் போட்ட பட்டியலில் விலங்கினங்கள் ஏறத்தாழ 4,400. இன்று பெயர் பெற்றவை சுமார் 15 லட்சம். அதில் பூச்சிகள் மட்டுமே 10 லட்சம். நம் நாட்டுக்கு 1,04,561 என்கிறது இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட பட்டியல். பெயரிடாதவற்றையும் சேர்த்தால் எவ்வளவு என்றால் ஆளுக்கொரு கணக்கு. அமெரிக்கப் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகை அடித்துப் பார்த்தார். கீழே விழுந்த வண்டுகளே சுமார் 1,200 வகை. அதை வைத்து 1982இல் வெப்பமண்டலக் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி, நண்டு போன்றவை) 3 கோடி இனம் இருக்கலாம் என்றார். 2011இல் ஆய்வாளர் கமிலோ மோரா குழுவினர் விலங்கினங்கள் மொத்தமே ஏறத்தாழ 77 லட்சம் என்றனர். சில மரங்களிலிருந்து உலகத்துக்கே தாவுவது எனக்குச் சற்று அதிகமாகப்படுகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் எர்வின் கட்சி.

ஓர் இனம் புதிதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதற்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் மூக்குத் தவளைக்கு 2003இல் பெயர் வைத்தார்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, மழையில் சில நாள் மட்டும் வெளியே வரும் தவளை அது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருப்பதும் அதுவேதானா என்று பார்க்க உடலமைப்பு, கத்தும் ஒலி, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். நம் பக்கத்தது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் செய்வதும் தெரிந்தது. 2017இல் அது தனி இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர், மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக.

இனத்தின் முதல் மாதிரி கைக்குக் கிடைத்து, பெயரோடு அச்சில் வரச் சராசரியாக 21 ஆண்டு ஆகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. காட்டில் தேடுவதைவிட, அருங்காட்சியக அலமாரியில் இருப்பதை எடுத்துப் பார்க்க ஆளில்லாததே பெரிய தடை. ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் விழுந்து, பின்னால் வரும் ஆய்வாளர் அதில் ஒன்றை நீக்குவதும் உண்டு. ஆகையால் பட்டியல் குறையவும் செய்யும்.

வரும் ஆண்டிலும் அந்துப்பூச்சி இரவை நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. படத்தோடு தேதி, இடம், விளக்கின் வகை மூன்றையும் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். சரணாலயத்துக்குள் பூச்சி பிடிப்பது வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. ஆர்வக் கோளாறில் யாரும் டப்பாவோடு கிளம்ப வேண்டாம். பழைய நுண்ணோக்கி ஒன்று வாங்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. சந்தா பாக்கி வைத்திருப்போர் அதற்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.