யார் கிறிஸ்தவர்? கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'யார் கிறிஸ்தவர்?' என்று தங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். கழுத்தில் சிலுவை, பைபிள் பெயர், வேளாங்கண்ணி நடைப்பயணம் என ஆளுக்கொரு அடையாளம் சொல்கிறார்கள். நேர்ச்சைக்காகப் பிள்ளைக்கு அந்தோணி என்று பெயர் வைத்த இந்துக் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களிலும் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) அலுவலகத்தில் பதிவேடுகளைக் கவனிப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சபை கேட்கும் கேள்வி வேறு, சட்டம் கேட்பது வேறு, தாலுகா அலுவலகம் கேட்பது வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் குடும்பங்கள் அலைகின்றன.

முதலில் திருச்சபை. கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ.க்கும் (தென்னிந்தியத் திருச்சபை) லுத்தரன் சபைக்கும் வாசல் ஒன்றுதான்: தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் பெறும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். கத்தோலிக்க முறையில் முழுக்காட்டலாம், தலையில் ஊற்றவும் செய்யலாம். ஈரவிரலால் நெற்றியில் சிலுவை வரைவது போதாது, தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றுகிறவரே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும்; ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சொல்லக் கூடாது. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்' என்று சொன்னால் அது செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் திட்டவட்டமாக அறிவித்தது. எண்ணெய், வெள்ளாடை, மெழுகுவர்த்தி எல்லாம் சடங்குக்கு உரியவை. அவை இல்லாவிட்டாலும் திருமுழுக்கு திருமுழுக்குதான்.

ஆகவேதான் ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறும்போது பக்கத்தில் நிற்கும் இந்து நர்ஸ்கூட ஊற்றலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். குழந்தை பிழைத்துக்கொண்டால் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து மீதிச் சடங்குகளை மட்டும் முடிப்பார்கள், மறுபடி ஊற்றமாட்டார்கள். ஆனால் பலர் மருத்துவமனையில் நடந்ததைப் பங்குத்தந்தையிடம் சொல்வதே இல்லை. பதிவேட்டில் ஏறாத அந்தத் திருமுழுக்கு இருபத்தைந்து வருடம் கழித்து, தேவாலயத்தில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் சிக்கலாக வந்து நிற்கிறது.

சி.எஸ்.ஐ.யிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வருபவருக்கு மறு திருமுழுக்கு கிடையாது. நம்பிக்கை அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றால் போதும். மார்மன் சபையில் பெற்றதை வத்திக்கான் 2001இல் செல்லாது என்றது. அவர்களும் அதே மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். ஆனால் 325இல் நிசேயாவில் வகுத்த மூவொரு கடவுள் நம்பிக்கை அதன் பின்னால் இல்லை. பெந்தெகொஸ்தே சபையார் 'விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு' என்று குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. அது அவர்கள் மனச்சாட்சியோடு பிடிக்கும் கொள்கை, மதிக்கிறேன். ஆனால் விசுவாசித்தபின் முழுக்கு எடுக்காதவன் கிறிஸ்தவனே இல்லை என்று மேடை போட்டுப் பேசுவது நியாயமில்லை. அப்படிப் பார்த்தால் உலகக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோரை வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீர் படுவதற்கு முன்பே ஓர் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. திருமுழுக்குப் பெற விரும்பும் பெரியவர்கள் மாதக்கணக்கில் தங்களைத் தயாரித்து, தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் அதற்கான சடங்குகளில் நின்று, உயிர்ப்புப் பெருவிழா முந்தைய இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்துப் பெறுகிறார்கள். முறைப்படி அந்தத் தயாரிப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் நடுவில் இறந்துபோனால், அடக்கத்தைப் பொறுத்தவரை அவரும் கிறிஸ்தவரே என்று திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் பிரிவு சொல்கிறது. கல்லறையில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மதுரைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1606இல் இங்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராக ஒருவர் பறங்கியரின் (ஐரோப்பியரின்) உணவையும் உடையையும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்றார். குடுமி, பூணூல், சந்தனம் இருக்கலாமா என்ற வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1834இல் தொடங்கிய புராட்டஸ்டண்ட் அமைப்பான அமெரிக்கன் மதுரை மிஷன் நேர்மாறாக நின்றது. சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பிற சாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று 1840களில் சபையாரிடம் கேட்டது. மறுத்தவர்களைச் சபையிலிருந்து விலக்கவும் செய்தது. இந்த இடத்தில் நான் மிஷன் பக்கம்தான். ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்களைத் தனித்தனிக் கல்லறையில் புதைக்கும் ஊர்கள் இன்றும் தமிழ்நாட்டில் இருப்பதை எந்தச் சமாதானத்தாலும் மூட முடியாது. 2003 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் இதை நேரிலேயே கண்டித்துப் பேசினார்.

அடுத்து சட்டம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ மதத்தை வெளிப்படையாக ஏற்று நடப்பவரே கிறிஸ்தவர் என்கிறது. திருமுழுக்கைப் பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அந்தச் சட்டத்தின்படி மணம் செய்யலாம். சொத்து விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மதம் மாறியவருக்கு இந்து உறவினர் சொத்தில் உள்ள வாரிசுரிமை போகாது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் அவர் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் (அதாவது அந்த உறவினர் இறக்கும்போது) அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய, அந்த உறவினர் சொத்தில் பங்கில்லை.

தாலுகா அலுவலகத்தில்தான் வேதனை அதிகம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது; 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, குழந்தையில் பெற்ற திருமுழுக்கின் பதிவும், தொடர்ந்து தேவாலயத்துக்குப் போனதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்குப் பயந்து, 'ஞானஸ்நானம் கொடுங்க சாமி, நோட்டுல மட்டும் எழுதாதீங்க' என்று கேட்கிறார்கள். 1950 ஆணை அநியாயம் என்பதே என் கருத்து. மதம் மாறியதால் சேரியும் தீண்டாமையும் மாறிவிடவில்லை. ஆனாலும் பங்குத்தந்தை எழுதாமல் விட முடியாது. தாமதமின்றிப் பதிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எழுதாமல் விட்டால் பாதிக்கப்படுவது அந்தக் குழந்தைதான்.

காரணம், திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில்தான் உறுதிப்பூசுதலும் திருமணமும் குறிக்கப்படுகின்றன. கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ் கேட்பது அந்த ஓரக் குறிப்பைப் பார்க்கத்தான். ஏற்கெனவே திருமணம் நடந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஞானப்பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் இன்னொன்று என்று இருப்பவர்கள் சான்றிதழ் கேட்கும்போது இரண்டையும், பெற்றோர் பெயரையும், தோராயமான ஆண்டையும் எழுதிக்கொடுங்கள். திருமுழுக்கு நடந்த பங்கில்தான் கேட்க வேண்டும், இப்போது குடியிருக்கும் பங்கில் அல்ல. பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தாலும், யாருடைய உரிமையும் பாதிக்கப்படாதபட்சத்தில், நம்பத்தக்க ஒரே சாட்சி போதும். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ உயிரோடு இருந்தால் அவர்களே வந்து சொல்லலாம். பெரியவராகி திருமுழுக்குப் பெற்றவர் தானே சத்தியம் செய்து தரலாம். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால்தான், 'நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனை வார்த்தையோடு தண்ணீர் ஊற்றுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஞானஒளிவுபுரம், மதுரை.