அடித்துக் கொல்லச் சொல்வதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் வீட்டுக்குள் வரும் வேட்டைச் சிலந்தியைப் பற்றி எழுதி, ‘கண்டவுடன் அடித்துக் கொல்லுங்கள்’ என்று முடித்திருந்தீர்கள். அந்த வரி இன்னும் மனத்தை அறுக்கிறது. அதைப் படித்த எதிர்வீட்டு அக்கா, பேரப்பிள்ளை தூங்கும் அறைவரை பூச்சிமருந்து அடித்துவிட்டார், இரண்டு நாளாகியும் தாழ்வாரத்தில் நெடி போகவில்லை.

நம் சுவரில் ஓடும் வேட்டைச் சிலந்தியின் அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனட்டோரியா. உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1767லேயே பெயர் வைத்தது, உங்களுக்குத் தெரியாததா? வெனட்டோரியா என்றாலே வேட்டையாடுவது என்று அர்த்தம், ஓடித்தான் இரையைப் பிடிக்கும். நீங்களோ ‘வலை பின்னிக் காத்திருக்கும்’ என்கிறீர்கள். ‘ஒரு அடி அகலம்’ என்பதும் தப்பு. 30 சென்டிமீட்டர் வரை கால் விரிப்பது லாவோஸில் இருக்கும் ஹெட்டெரோபோடா மாக்சிமா என்ற வேறு சிலந்தி, 2001இல்தான் அதற்குப் பெயரே வந்தது. ஒரே பேரினம் என்பதற்காக அளவும் ஒன்றாகிவிடுமா? நம் வீட்டில் இருப்பது உள்ளங்கை அளவுதான். கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. படமாவது சரியா என்று பார்த்தால், ரோமம் அடர்ந்த டரான்டுலா என்ற வேறு வகைச் சிலந்தி!

சிங்கப்பூர் ஈசூனில் 26 வருடமாக இருக்கிறேன். பழைய வீடு, குப்பை போடும் துவாரம் அடுப்படியிலேயே இருக்கிறது, அதற்குள்ளிருந்துதான் கரப்பான் வரும். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டேன். தொட்டிக்கு மேலே சுவரில் சிலந்தி அசையாமல் இருந்தது, கண்களுக்குக் கீழே மீசை மாதிரி வெளிறிய பட்டை, வாயில் பெரிய கரப்பான், அதன் மீசைமயிர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை, தட்டையான முட்டைப்பையை வயிற்றோடு அணைத்தபடி ஒரு பெண் சிலந்தி அலமாரிக்குப் பின்னால் வாரக்கணக்கில் இருந்தது. நான் துடைப்பத்தை எடுத்தபோது, “பிள்ளைத்தாய்ச்சிடா, விடு” என்று அம்மா தடுத்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கால்வாயோர உடும்பின் படத்தைப் போட்டு ‘முதலைக் குட்டி’ என்றீர்கள். அப்போதும் எழுதினேன், ஒரு வரி பதிலில்லை. எட்டுக் கால் உள்ளதைப் பூச்சி என்று எழுதாதீர்கள் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் தமிழில் படிக்கக் கிடைப்பதே கொஞ்சம், அதிலும் இப்படியா?

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் சரியான படத்தைப் போட்டு, ‘அடிக்க வேண்டாம், ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள்’ என்று இரண்டு வரி போடுங்கள். அக்காவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்