எதற்கு இந்த மாத்திரை என்பதையும் சொல்லுங்கள்

மருந்து எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், அதை எடுத்துத் தரும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தபோது குளோரோகுயினும், கூடவே 14 நாளைக்குப் பிரைமாகுயினும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம்.

அந்த இரண்டு மாத்திரைக்கும் வேலை வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும் 'ஹீம்' அதற்கே நஞ்சு. அதனால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாக விடாது. தான் தின்றதன் கழிவாலேயே ஒட்டுண்ணி சாகிறது. ஆனால் வைவாக்ஸ் கல்லீரலிலும் போய் உறங்கிக் கிடக்கும். அந்த உறங்கும் வடிவத்தை குளோரோகுயின் தொடாது. அதை அழிக்கத்தான் பிரைமாகுயின். காய்ச்சல் நின்ற பிறகு விழுங்கச் சொன்ன மாத்திரை உபரி இல்லை, பாதி வைத்தியமே அதுதான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அமீபா சீதபேதியிலும் இதே கதைதான். மெட்ரோனிடசோல் உள்ளே போகும்போது சாதுவான மருந்து. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் அமீபாவின் சொந்த நொதிகளே அதை மாற்றி, தன் டிஎன்ஏவை உடைக்கும் பொருளாக்கிக்கொள்கின்றன. நம் செல்களில் அந்த நொதிகள் இல்லை. (இந்த ஒட்டுண்ணிகளின் செல் அமைப்பு பாக்டீரியாவைவிட நம்முடையதற்கு நெருக்கமானது. அப்படியிருந்தும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.) ஆனால் அமீபா ஓடு போட்டுக்கொண்டு குடலில் தங்கும் கூடுகளை (சிஸ்ட்) மெட்ரோனிடசோல் சரியாக அழிக்காது. அதற்குப் பின்னால் பாரோமோமைசினோ டைலோக்சனைடோ தேவை. வயிறு சரியான பிறகு இன்னொரு மருந்து எதற்கு என்று நோயாளி நினைப்பது இயல்புதானே?

இன்னொன்று. பிரைமாகுயின் கொடுக்கும் முன் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கருத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நீளமாக விளக்க உங்களுக்கு நேரமில்லை, புரிகிறது. சீட்டில் '14 நாள்' என்று எழுதுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே 'கல்லீரலில் உறங்கும் கிருமிக்கு' என்று மூன்று சொல் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
மலேரியா திரும்பி வந்த ஒரு நோயாளி