ஆலோசகர் மதிப்பெண் இடுபவராக இருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், உரிய சட்டம் வரும்வரை இந்த வழிகாட்டுதல்கள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்றும் அது கூறியது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர் ஒருவரின் பெயரை ஆலோசகர் என்று எழுதி அனுப்பிவிட்டால் ஆணை நிறைவேறியதாகக் கணக்காகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அவ்வாறு முன்பு எழுதி அனுப்பப்பட்ட பெயர்களில் என் பெயரும் ஒன்று.

நான்கு கல்வியாண்டுகள் நான் மாணவர் ஆலோசனைக் குழுவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அதற்கென ஒரு நாள் பயிற்சிகூட எனக்குத் தரப்படவில்லை. ஒதுக்கப்பட்ட அறை முதல்வர் அறைக்கு எதிரே, உதவித்தொகைப் படிவத்துக்காக மாணவர்கள் வரிசையில் நிற்கும் வராந்தாவில் இருந்தது. அங்கே யார் நுழைந்தாலும் ஐம்பது கண்கள் பார்க்கும். தாமாகத் தேடி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய மாதத்தில் வழிகாட்டி ஆசிரியர் பதிவேடுகள் அனைத்தும் நிரப்பப்பட்டு, கையொப்பத்துடன் அலமாரியில் அடுக்கப்பட்டன.

படிப்பை முடித்து, பட்டச் சான்றிதழ் வாங்க வந்த மாணவர் ஒருவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. "ஐயா, இரண்டாம் வருஷம் ஒரு செமஸ்டர் முழுக்க எனக்குச் சரியான தூக்கமே இல்லை. உங்களைப் பார்க்கலாம் என்று இரண்டு முறை அந்த வராந்தா வரைக்கும் வந்தேன். ஆனால் இண்டர்னல் மார்க் போடுவது நீங்கள்தானே ஐயா, என்னைப் பற்றி ஏதாவது நினைத்துக்கொள்வீர்களோ என்று திரும்பிப் போய்விட்டேன்" என்றார். அவருக்கு என்மீது மரியாதை இருந்தது. அந்த மரியாதையும் அவரைத் தடுத்தது.

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால் அதில் 25 அகமதிப்பீடு. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத விடலாமா என்று பரிந்துரைப்பவரும், நன்னடத்தைச் சான்றுக்குக் கையொப்பமிடுபவரும், பெற்றோரை அழைத்துவரச் சொல்பவரும் அதே ஆசிரியர்தாம். அவரிடமே போய், "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று 19 வயதுப் பிள்ளை சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மாணவியரின் நிலை இன்னும் கடினமானது. மனச்சோர்வு என்ற சொல் வீட்டுக்கு எட்டினால், படிப்பை நிறுத்திவிட்டு வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வாய் திறக்காதவர்களை நான் அறிவேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவர் குறித்த விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே வகுத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. 18 வயது நிரம்பிய மாணவர் ஒருவர் ஆலோசகரைச் சந்தித்தார் என்ற செய்தியே துறைத்தலைவருக்கோ பெற்றோருக்கோ தானாகப் போகக் கூடாது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் அறிவித்தாக வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். மனநோய்களில் பெரும்பகுதி 25 வயதுக்குள்ளேயே தொடங்குகிறது என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவரும் உண்மை. தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூல்களோடு போராடி, அரியர் வைத்து, அதை வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தாம் அரசுக் கல்லூரி வகுப்பறைகளில் பெரும்பாலோர். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியாக மாதம் 1,000 ரூபாய் தந்து இவர்களைக் கல்லூரிக்குள் வரவழைத்த அரசை மனமாரப் பாராட்டுகிறேன். உள்ளே வந்த பிள்ளை பாதியில் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அதே திட்டத்தின் தொடர்ச்சியாக அமைய வேண்டும். 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட 'மனம்' எனும் மனநல நல்லாதரவு மன்றங்களுக்கு இணையான ஏற்பாடு, முழுநேர ஆலோசகரோடு சேர்த்து, ஒவ்வொரு கலைக் கல்லூரிக்கும் வேண்டும்.

எனவே, அரசுக் கல்லூரிகளில் ஆலோசகர் என்பது தனிப் பணியிடமாக உருவாக்கப்பட வேண்டும். தொடக்கத்தில் அருகருகே உள்ள இரண்டு கல்லூரிகளுக்கு ஒருவர் என்றாவது நியமிக்கலாம். ஆனால் அவர் பாடம் நடத்துபவராகவோ மதிப்பெண் இடுபவராகவோ இருக்கவே கூடாது. அறை நூலகத்தை ஒட்டி இருக்கட்டும், ஏனெனில் நூலகத்துக்குப் போகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நேரமும் முக்கியம். இரு சுழற்சிகளாக இயங்கும் கல்லூரிகளில் காலைச் சுழற்சி மாணவர்கள் பகல் 1 மணிக்கு மேல் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். பலர் மாலையில் வேலைக்கும் போகிறார்கள். மாலை 4 மணிக்கு ஆலோசனை என்று பலகை வைத்தால் அது அவர்களுக்குப் பயன்படாது. வகுப்பு நேரத்திலேயே வந்து போகவும், அந்த ஒரு மணி நேரம் வருகைப் பதிவில் குறையாமலிருக்கவும் வழி செய்ய வேண்டும்.

பணத்துக்கும் ஆட்களுக்கும் எங்கே போவது என்று கேட்பார்கள். மனநல மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வருத்தத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. உளவியலிலும் சமூகப் பணியிலும் முதுகலை முடித்தவர்கள் ஆண்டுதோறும் நம் பல்கலைக்கழகங்களிலிருந்தே வெளிவருகிறார்கள். அவர்களுக்கு உரிய பயிற்சி தந்து அமர்த்தி, மருத்துவம் தேவைப்படும் மாணவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் பொறுப்பையும், அவர் அங்கே சென்று சேர்ந்தாரா என்று விசாரித்தறியும் பொறுப்பையும் ஒப்படைக்கலாம். ஆசிரியர்களின் பங்கு, வாடிய முகத்தைக் கவனித்து உரிய இடத்துக்கு வழிகாட்டுவதோடு நிற்கட்டும். ஆண்டுக்கு இருமுறை பயிற்சி என்று தீர்ப்பு சொல்வது அதற்காகத்தான். வகுப்புகளில் பெரும்பகுதியை எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் அந்தப் பயிற்சியில் விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. அந்த எண்ணை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதி வைப்பதோடு, அடுத்த சேர்க்கையின்போது வழங்கப்படும் அடையாள அட்டையின் பின்புறத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு கல்லூரிக் கல்வி இயக்ககத்தைக் கேட்டுக்கொள்கிறேன். எப்படியும் அச்சிடப்போகிற அட்டைதான், கூடுதல் செலவு ஏதுமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழ் இணைப் பேராசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.