காகிதக் கவசம்: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைப் பக்கத்தில், வீடியோ கேமில் வரும் வீரனின் தலைக்கவசத்தைக் காகிதத்தில் மடித்துச் செய்வது எப்படி என்று ஒரு செய்முறை போட்டிருந்தீர்கள். இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறவன் என்பதால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது, அவன்தான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து "மாமா, நாம செய்யறது பேப்பர்ல வந்திருக்கு" என்று காட்டினான். ஆனால் படித்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். "ஒட்டி முடித்ததும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அறைக்குள் வைத்து ரெசின் பூசிக் காயவிடவும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் டப்பாவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ரெசின் என்பது பூசியதும் இறுகிக் கெட்டியாகிற பிசின் மாதிரியான திரவம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் வாங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதன் காரமான வாடைக்குக் காரணம் ஸ்டைரீன் என்கிற வேதிப்பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் ஸ்டைரீனை, மனிதர்களுக்குப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்கவே தடுக்காது. என்95 கூடத் தூசியைத்தான் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். ஆவிக்கென்றே கரி அடைத்த வடிகட்டிக் குப்பிகள் இரண்டு பக்கமும் திருகிய ரப்பர் முகக்கவசம்தான் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது. ரெசினை இறுக வைக்க நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்று சேர்க்கிற திரவம் இருக்கிறதே, அது ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். கலந்த ரெசினைக் கப்பில் நிறைய விட்டுவைத்தால் தானாகச் சூடேறிப் புகையவும் செய்யும். இவ்வளவு விஷயத்தை ஒரு வரியில் அடக்கியிருக்கிறீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாரும் இந்தக் கட்டத்தைத் தொடக் கூடாது என்பது என் கருத்து, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

என் அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். நான் முதலில் செய்தது ஹேலோ என்கிற வீடியோ கேமின் நாயகன் மாஸ்டர் சீஃபின் தலைக்கவசம். 2001-இல் வந்த முதல் ஹேலோவிலிருந்தே அந்தப் பச்சைக் கவசத்தின் மேல் எனக்குப் பைத்தியம். மொத்தம் பதினேழு தாள், பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன். ஒட்டி முடித்த ஆசையில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் உள்பக்கம் ரெசினை அப்பினேன். மறுநாள் முழுக்கத் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி ஒரு கிறக்கம். கவசமும் பாழ். கண்ணாடி வரவேண்டிய முகப்புத் திறப்பை ஆசைப்பட்டு முன்னாடியே வெட்டிவிட்டிருந்தேன், ரெசினின் ஈரத்தில் காகிதம் தளர்ந்து, தாடைப் பகுதி இரண்டு சென்டிமீட்டர் அகன்று அப்படியே இறுகிவிட்டது. ரெசின் இறுகிய பிறகு திருத்தவே முடியாது. முகப்பை வெட்டாமல் வைத்திருந்தாலோ, வெட்டிய இடத்தில் குறுக்கே நாலு அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்திருந்தாலோ வடிவம் நின்றிருக்கும். இந்த முட்டுக் கொடுக்கும் விஷயமும் உங்கள் செய்முறையில் இல்லை.

சரி, ரெசின் இல்லாவிட்டால் காகிதம் தாங்குமா என்று கேட்பார்கள். தாங்கும். சீனாவில் டாங் வம்சக் காலத்தில் காகிதத்தை மடித்து மடித்து அடுக்கிப் போருக்கே கவசம் செய்திருக்கிறார்கள். நாம் கேட்பது அம்பைத் தடுக்கிற கவசம் இல்லை, ஒரு சாயங்காலம் மாட்டிக்கொண்டு நடமாடினால் போதும். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேல் உள்ள கெட்டித் தாளில் ஒட்டி, உள்பக்கம் ஒவ்வொரு இணைப்பின் மேலும் அதே தாளில் விரல் அகலப் பட்டை வெட்டி ஒட்டி, அதற்கும் மேல் இரண்டாவது அடுக்கு அட்டை கொடுத்தால் கையில் தட்டும்போதே சத்தம் மாறிவிடும், டொக்டொக்கென்று கேட்கும். பசை மட்டும் தண்ணியாக இருக்கக் கூடாது, ஈரம் பட்டால் தாள் வளையும். வளைந்து நெளிய வேண்டிய இடங்களுக்கு அச்சடித்த அதே துண்டுகளை ஈவிஏ ஃபோம் என்கிற மெத்தென்ற ஷீட்டில் வைத்து, ஒட்டும் நாக்குகளை (பசை தடவ ஓரத்தில் நீட்டிவிட்ட பட்டைகளை) மட்டும் விட்டுவிட்டு வரைந்து வெட்டிக்கொள்ளலாம். அக்கா மகன் செய்வது முழுக்க இந்த முறையில்தான். ரெசின் டப்பா அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்கூட இருக்காது.

அப்புறம், உங்கள் செய்முறை "அச்சடித்து, வெட்டி, ஒட்டவும்" என்று மூன்று சொல்லில் தாண்டிப்போன இடத்தில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல இடம் கொடுங்கள்.

கேமில் வரும் உருவம் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. திரையில் வழவழவென்று தெரிவது வெளிச்சமும் நிழலும் செய்கிற வேலை. அந்த முக்கோணங்களை ஓரத்தோடு ஓரமாகப் பிரித்துத் தட்டையாக விரித்துக் கொடுப்பதற்கு மென்பொருள் இருக்கிறது. ஜப்பானில் உருவான பெபகுரா டிசைனர் பலருக்கும் தெரியும், பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளிலும் இதற்கென ஒரு இலவச இணைப்பு உண்டு. ஒரு திடப்பொருளை இப்படி விரித்து வரைவதை ஜெர்மன் ஓவியர் டூரர் 1525-லேயே தன் அளவியல் நூலில் செய்து காட்டியிருக்கிறார். உள்பள்ளம் இல்லாத எந்தத் திடப்பொருளையும் ஓரங்களில் மட்டும் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா என்ற கேள்விக்கு இன்றுவரை கணிதத்தில் விடை கிடைக்கவில்லை தெரியுமா! பந்து மாதிரி வளைந்த பரப்பை இழுக்காமல் சுருக்காமல் தட்டையாக்கவே முடியாது என்று கணித மேதை காஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார், உலக வரைபடத்தில் துருவத்தை ஒட்டிய நாடுகள் ஊதித் தெரிவதும் அதனால்தான். கவசத்தின் உச்சி மண்டையில் நீளநீளமான இதழ்களாகத் துண்டு வருவதற்கும் அதே காரணம். பள்ளியில் கனசதுரத்தை விரித்து வரை என்றால் கொட்டாவி விடுகிற பையன், இந்த உச்சி மண்டையை ஒட்டும்போது தானாகவே கேட்கிறான், இது ஏன் மாமா ஒரே துண்டாக வரவில்லை என்று.

அளவைப் பற்றி உங்கள் செய்முறையில் ஒரு வார்த்தைகூட இல்லை. மாஸ்டர் சீஃப் கவசத்தோடு நின்றால் ஏழு அடிக்கு மேல். அந்த விகிதத்தை அப்படியே நம் உடம்புக்குச் சுருக்கினால் தலை உள்ளே போகாது, தலைக்குப் பொருத்தமாகப் பெருக்கினால் தோளும் மார்பும் நம்மை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக அளவு எடுக்க வேண்டும். தலைக்கு நெற்றிச் சுற்றளவு போதாது. மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை எவ்வளவு, காதிலிருந்து காது வரை எவ்வளவு என்று பார்த்து, உள்ளே வைக்கிற பஞ்சுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது விட வேண்டும். மென்பொருளில் கேட்கிற உயரம் நம் தலையின் உயரம் இல்லை, கவசத்தின் வெளி உயரம். பத்து சதவீதம் பெரிதாக்கினால் காகிதப் பரப்பு இருபத்தொரு சதவீதம் கூடும், தாளும் அதற்கேற்பக் கூடும்.

அச்சடிக்கும்போது இன்னொரு வில்லங்கம். பல மாதிரிகள் 216-க்கு 279 மில்லிமீட்டர் உள்ள அமெரிக்க லெட்டர் தாளுக்காகப் போடப்பட்டவை. ஏ4 தாள் 210-க்கு 297. அகலம் ஆறு மில்லிமீட்டர் குறைவதால் பிரிண்டர் தானாகவே "பக்கத்துக்குப் பொருத்து" என்று சுருக்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. 97 சதவீதத்துக்குச் சுருங்கினால் 300 மில்லிமீட்டர் கவசம் 291 ஆகிவிடும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி சுருங்கினால்கூடப் பரவாயில்லை. பாதியை இன்று ஒரு பிரிண்டரிலும் மீதியை நாளை வேறொன்றிலும் எடுத்தால், பதினைந்து சென்டிமீட்டர் ஓரத்தில் நாலரை மில்லிமீட்டர் இடிக்கும், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் சேராது. அச்சடிப்பதற்கு முன் நூறு சதவீதம் என்று வைத்துவிட்டு, முதல் தாள் வந்ததும் ஒரு கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மடிப்பது எப்படி என்று ஒரு துண்டை வைத்தே சொல்கிறேன். புருவத்துக்கு மேல் வருகிற பட்டை என்று வைத்துக்கொள்வோம், உள்ளங்கை நீளம், அதில் ஒன்பது மடிப்புக் கோடு. வெட்டுவதற்கு முன்பே எல்லாக் கோட்டிலும் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே அழுத்தமாக ஒருமுறை இழுக்க வேண்டும். தாளின் நார் பள்ளமாகப் படிந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடு பளபளக்கும். கட்டரால் கீறுகிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது, கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் மடிப்பு கிழிந்துவிடும். பிறகு எது மேடு (முகடாக நம்மைப் பார்த்து நிற்கிற மடிப்பு), எது பள்ளம் (உள்வாங்குகிற மடிப்பு) என்று பார்க்க வேண்டும். இங்கே ஓரிகாமி என்கிற ஜப்பானியக் காகித மடிப்புக் கலை தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள், ஓரிகாமியில் வெறும் விட்டுவிட்ட கோடு பள்ள மடிப்பு, இந்த மாதிரிகளில் பல நேரம் அதுவே மேட்டு மடிப்பாக இருக்கும். ஒட்டுவதற்கு முன் திரையில் உருவத்தைச் சுற்றிப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டால் பிழை வராது. ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் எண் இருக்கும், அதே எண் உள்ள மற்ற ஓரம் அதற்கு ஜோடி. பசையை நாக்கில் ஊசி முனையளவு தடவி, இரண்டு விரலால் பிடித்து முப்பது எண்ணும் வரை விடக் கூடாது. அடுத்த ஓரத்துக்கு அவசரப்பட்டால் முந்தினது வழுக்கி அரை மில்லிமீட்டர் நகரும், அந்த அரை மில்லிமீட்டர் ஐம்பது துண்டு தாண்டி, கடைசி ஓரத்தை மூடும்போது விரல் நுழைகிற இடைவெளியாக வந்து நிற்கும்.

3டி பிரிண்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று உங்கள் கட்டுரையின் பெட்டிச் செய்தியில் ஒரு கேள்வி இருந்தது. பிரிண்டரை நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவிதான். ஆனால் அது செய்து கொடுக்கும்போது நான் பக்கத்தில் காத்திருக்கிறேன். காகிதத்தில் ஒவ்வொரு முகமும் என் விரல் வழியாகத்தான் போகிறது, தாடை எங்கே உள்வாங்குகிறது, கன்னம் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பது கைக்கே மனப்பாடமாகிவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகூட ஒரு தாளும் கத்தரிக்கோலும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று, சின்னது. நீங்கள் அச்சிட்ட மாதிரியை விரித்துக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு தலைக்கவசத்தைத் துண்டு துண்டாக அடுக்கி எண் போட யாரோ ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் காசு வாங்காமல்தான் பகிர்ந்திருப்பார். மாதிரிக் கோப்பிலேயே அவர் பெயர் இருக்கும், ஒரு வரி போட்டுவிடுங்கள். அவரைக் கேட்காமல் அதில் செய்த பொருளை விற்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அடுத்த வாரம் அதே பக்கத்தில், முதல் செய்முறைக்குக் கொடுத்த அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: துணி கட்டிக்கொண்டு ரெசின் பூசக் கூடாது, மூடிய அறையில் கூடவே கூடாது, பிள்ளைகள் அட்டையும் ஃபோமும் வைத்தே முடிக்கலாம் என்று. மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அந்தச் செய்முறையை ஏற்கெனவே கத்தரித்து ஒட்டிவைத்திருக்கிற பிள்ளைகள் கண்ணில் படாது. எங்கள் வீட்டிலேயே ஒன்று கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருக்கிறது, அந்தக் கடைசி வரியை மட்டும் நான் பேனாவால் அடித்துவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்