கொடியை என் கையில் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

செப்டெம்பர் 17, அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை நாள். அன்று மாலை நகரசபை மண்டபத்தில் உறுதிமொழி எடுத்துச் சான்றிதழை வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைச் சாமியறையில் வைத்துவிட்டு, முதல் வேலையாக இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் நன்றி சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். மனதில் இருப்பது முழுவதும் வர வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான் வேண்டும். மகள் விளையாடும் உதைபந்தாட்டக் கழகத்தவர்களுக்கு அவளே வாசித்து மொழிபெயர்த்துச் சொல்வாள்.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீடு விளையாட்டுப் பித்துப் பிடித்த வீடு. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடந்துவரும் 'வடக்கின் பெருஞ்சமர்' கிரிக்கெட் போட்டி வந்தால் அண்ணன்மார் ஒரு கட்சி, சித்தப்பா மறு கட்சி; அம்மா இரு கட்சிக்கும் சோறு போடுவார். ஆகவே மெல்பேர்ணில் நான் கண்ட முதல் குளிர்காலத்தில் கடைக்காரர், பஸ் சாரதி, மருத்துவரின் வரவேற்பறைப் பெண் என்று எல்லோரும் "நீங்கள் எந்த அணி?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியில் இருந்த சூடு எனக்குப் புரிந்தது. பதில்தான் இருக்கவில்லை. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் தேசிய லீக்கிலுள்ள 18 அணிகளில் பாதி இந்த ஒரு நகரத்துக்குரியவை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

மகள் உள்ளூர்க் கழகத்தில் சேர்ந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்திலும் உடல் தளராமல் இருக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று 1858இல் டொம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே மெல்பேர்ணில் விதிகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளிகள். சற்று விலகிப் பக்கக் கம்பத்துக்குள் போனாலும் வெறுங்கை இல்லை. அதற்குப் பெயர் பிஹைண்ட், ஒரு புள்ளி உண்டு.

பயிற்றுநர் அவர்களே, முதல் மாதம் முழுவதும் நான் கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன். ஒரு சனிக்கிழமை நீங்கள் வந்து, "இன்றைக்குக் கோல் நடுவர் வரவில்லை, நீங்கள் நிற்க முடியுமா?" என்று கேட்டீர்கள். விதி தெரியாதே என்றேன். இரண்டு வெள்ளைக் கொடிகளையும் புள்ளி அட்டையையும் ஒரு பென்சிலையும் என் கையில் வைத்து, ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்தீர்கள். கோலுக்கு இரண்டு விரல், இரண்டு கொடி. பிஹைண்டுக்கு ஒரு விரல், ஒரு கொடி. இந்த ஊரில் அதுவரை எல்லோரும் எனக்கு உதவி செய்தார்கள். என்னிடம் ஓர் உதவி கேட்ட முதல் ஆள் நீங்கள்.

பிரஜாவுரிமைச் சோதனையில் முதல் தடவை நான் தோற்றேன். 20 கேள்விகளில் 18 சரி. ஆனால் நாட்டின் விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகளும் தவறாமல் சரியாக வர வேண்டும். அதில் ஒன்று போய்விட்டது. வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, நீங்கள் வேலிக்கு மேலால் தேநீர்க் கோப்பையை நீட்டி, "அது பிஹைண்ட். பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது" என்றீர்களே, அந்த ஒரு வசனத்துக்காக உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அதற்குப் பிறகு மூன்று வாரம், ஓய்வுபெற்ற நம் மாஸ்டர் மாலைதோறும் வந்து, அரசின் கைந்நூலை வரி வரியாக விளக்கினார். தமிழ்ப் பாடசாலை அக்கா அந்த நேரமெல்லாம் சின்னவனைத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு ஊட்டினார். இரண்டாம் தடவை 20க்கு 20.

ஜூலை மாத ஆட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைசிக் கால்பகுதி, நனைந்த புல். எங்கள் பிள்ளை ஒருத்தி உதைத்த பந்து உயரக் கம்பங்களுக்கு இடையே வந்து விழுந்தது. எல்லோரும் கோல் என்று துள்ளினார்கள். ஆனால் வலப்பக்கக் கம்பத்தில் 'டப்' என்று ஒரு சிறு ஓசை என் காதில் விழுந்திருந்தது. கம்பத்தில் உரசினால் கோல் இல்லை. கள நடுவர் என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டி, ஒரு கொடியை அசைத்தேன். நடுவில் என் மகள் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு புள்ளிகளால் தோற்றோம்.

அட்டையைச் சரிபார்க்க நடந்து வந்தபோது என் கால் நடுங்கியது. ஒருவர் கூட என்னிடம் முறையிடவில்லை. பயிற்றுநர் கையைப் பிடித்து, "சரியாகப் பார்த்தீர்கள்" என்றார். சிற்றுண்டிச்சாலைப் பெண்கள் தோடம்பழத் துண்டுகளை நீட்டினார்கள். வந்தேறி ஒருத்தியின் சொல்லை, அது உங்கள் பிள்ளைகளின் வெற்றியையே பறித்தபோதும், அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் அதுவும் ஒன்று.

விழா நாளில் இந்நிலத்தின் முதல்குடி மூத்தவர் ஒருவர் எங்களை வரவேற்றார். உறுதிமொழியில் "அவுஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும்" என்ற இடம் வந்தபோது உங்கள் முகங்கள்தான் கண்முன் நின்றன. நகரபிதா சான்றிதழைத் தந்த அந்தக் கணம், பின்வரிசையில் கழகச் சட்டையோடு எங்கள் பிள்ளைகள் எழுந்து நிற்க, பயிற்றுநர் தன் மேலங்கிக்குள்ளிருந்து இரண்டு கொடிகளையும் எடுத்து அசைத்தார். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அருகில் நின்ற பெரியவர் ஒன்றும் புரியாமல் கைக்குட்டையைத் தந்தார். ஐயா, உங்களுக்கும் நன்றி.

இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் இறுதிப் போட்டி. டிக்கெட் கிடைக்காத எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காலையிலிருந்தே மரக்கறி ரோல்ஸும் பற்றீஸும் பொரித்துக்கொண்டிருப்பேன். விழாவில் பரிசாகக் கிடைத்த மரக்கன்றை நடுவதற்குக் குழி தோண்ட ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் கோல் நடுவர்
மெல்பேர்ண்